எஞ்சின் காற்றை இழுப்பதில்லை: பள்ளிவாசல் ஏற்றத்தில் ஒரு சொல்லின் வரலாறு

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் அடிமாலியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. பள்ளிவாசல் வழியாக மூணாற்றை அடையும்போது வண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்திருக்கும். வார இறுதிகளில் கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேகக் கார்கள் இந்தச் சாலையில் ஏறி வருகின்றன. அவற்றில் பலவற்றில் தொழிற்சாலை வைத்த கறுப்புப் பெட்டி கழற்றப்பட்டு, அந்த இடத்தில் பளபளப்பான குழாயும் கூம்பு வடிவ வடிகட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். “எந்த ஏர் இன்டேக் போட்டால் பிக்கப் கூடும்?” என்பது கார் ஆர்வலர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி.

இது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் இதன் பின்னே 350 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அறிவியல் வரலாறு ஒன்றும், ஒரு சொல்லால் விளைந்த மயக்கம் ஒன்றும் இருக்கின்றன. அந்த மயக்கத்துக்கு விலையும் உண்டு. சில ஆயிரம் ரூபாய் முதல் ஒரு முழு எஞ்சின் வரை அது போகும். இப்பதிவு அச்சொல்லிலிருந்து தொடங்குகிறது.

*1. இழுவையும் இழுப்பும்*

தமிழில் வண்டியின் வலுவைச் சொல்லும் அடிப்படைச் சொல் ‘இழுவை’. மேட்டில் திணறும் வண்டியைப் பற்றி “இழுவை இல்லை” என்கிறோம். மாட்டு வண்டிக் காலத்துச் சொல் இது. சுமையை இழுப்பதுதான் வண்டியின் வேலை என்பதால், எஞ்சின் வந்த பின்னும் சொல் நிலைத்துவிட்டது. அதே வேர், மூச்சுக்கும் வருகிறது. மூச்சை உள்ளே இழுக்கிறோம். மூச்சுத் திணறல் நோய்க்கே ‘இழுப்பு’ என்று பெயர். ஆகவே மேட்டில் திணறும் வண்டியைப் பார்க்கும் தமிழ் மனம், இரண்டு இழுத்தல்களையும் இயல்பாக ஒன்றாக்கிக்கொள்கிறது. வண்டி சுமையை இழுக்கவில்லை. ஏனென்றால் அதனால் மூச்சை இழுக்க முடியவில்லை.

இந்த உருவகம் பாதி சரி. வலுவுக்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை அது சரியாகச் சொல்கிறது. பெட்ரோல் எஞ்சினில் 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். ஆனால் அதை எரிக்கத் தேவைப்படும் காற்றின் கன அளவு 9,000 லிட்டரைத் தொடும். பெட்ரோல் பம்பில் நாம் விலை கொடுத்து வாங்குவது எரியும் கலவையின் மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு, வழியெங்கும் இலவசமாகக் கிடைக்கும் காற்று.

உருவகத்தின் மறுபாதி தவறு. எஞ்சின் காற்றை இழுப்பதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது. அவ்வளவுதான் எஞ்சின் செய்வது. வெளியே நிற்கும் வளிமண்டலம் தன் எடையால் காற்றை உள்ளே தள்ளுகிறது. நம் பாடநூல்கள் ‘உறிஞ்சுதல்’ என்றும், ஆங்கிலப் பாடநூல்கள் ‘சக்‌ஷன்’ என்றும் எழுதினாலும், நடப்பது தள்ளுதல். இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். ஏர் இன்டேக் வாங்குவோரின் முடிவு முழுவதும் இதைப் பொறுத்ததே.

*2. மூணாறு உயரத்தில் ஒரு பிரெஞ்சு மலை*

உறிஞ்சுதல் என்று ஒன்று இல்லை என்பதை மனிதர் அறிந்துகொண்டது 17ஆம் நூற்றாண்டில். அக்கால ஐரோப்பியக் கிணறுகளில் இருந்த உறிஞ்சு பம்புகள் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த மறுத்தன. பம்பை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்த வரம்பு மாறவில்லை. கலிலியோவையும் இந்தப் புதிர் சிந்திக்க வைத்தது. 1640களில் அவருடைய சீடர் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து விடை கண்டார். நாம் ஒரு காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம். அக்கடலின் எடைதான் நீரையும் பாதரசத்தையும் குழாயில் மேலே தள்ளுகிறது. தள்ளும் எடைக்கு ஒரு வரம்பு இருப்பதால், உயரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு.

அது உண்மையானால் மலைமேல் ஏற ஏறத் தள்ளும் எடை குறைய வேண்டும். பாஸ்கல் இதைச் சோதிக்க விரும்பினார். அவருடைய மைத்துனர் ஃப்ளோரின் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பாதரசக் குழாயுடன் பிரான்சின் புய் டி டோம் மலையில் ஏறினார். கீழே கிளெர்மோன் நகரில் இருந்த அளவைவிட உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கும், உயரத்தில் அது குறையும் என்பதற்கும் அதுவே சான்றாயிற்று.

புய் டி டோம் மலையின் உயரம் 1,465 மீட்டர். பள்ளிவாசலைக் கடந்து மூணாற்றை எட்டும் கார், ஏறத்தாழ அதே உயரத்தில் அதே சோதனையைத் திரும்பச் செய்கிறது. கண்ணாடிக் குழாய்க்குப் பதில் இங்கே இருப்பது எஞ்சின் உருளை. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஆகவே கொச்சியில் 100 குதிரைத் திறன் தரும் சாதாரண பெட்ரோல் எஞ்சின், டர்போ இல்லையென்றால், மூணாற்றில் ஏறத்தாழ 85 தரும். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும், குழாய் எத்தனை அகலமாக இருந்தாலும் அந்த 15 திரும்பாது. வாயை அகலத் திறப்பதால் தள்ளுபவரின் வலு கூடிவிடாது.

*3. தள்ளுபவரை மாற்றியவர்கள்*

மலையில் இழந்த காற்றைத் திரும்பப் பெற ஒரே வழி, வளிமண்டலத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தள்ள வைப்பது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி, வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அமைப்புக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் டர்போ என்றழைப்பதன் தொடக்கம் அது.

அது உண்மையில் வேலை செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியதும் ஒரு மலைதான். முதல் உலகப் போரின் இறுதியில் விமானங்கள் உயரே பறக்கப் பறக்க வலு இழந்தன. 1918இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு மேல் கொண்டுசென்று சோதித்தார். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 350 குதிரைத் திறன் தந்த எஞ்சின், டர்போ இல்லாமல் அங்கே மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்தது. டர்போவுடன் இழந்ததை மீட்டுக்கொண்டது. கார்களுக்கு டர்போ வர 1962 ஆயிற்று. ஓல்ட்ஸ்மொபைல், செவ்ரலே ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் அவ்வாண்டில் டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இன்று நம் ஊரில் ஓடும் சிறிய டர்போ கார்களும் டீசல் கார்களும் பள்ளிவாசல் ஏற்றத்தில் அவ்வளவாகத் திணறாததன் காரணம் இதுவே. ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு. காற்று மெலிந்த இடத்தில் அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அப்போது காற்று இன்னும் சூடாகும். எனவே டர்போ வண்டியில் இன்டேக் குழாயைவிட, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் நிலை முக்கியம்.

*4. சோழவரத்தின் காற்று*

திறந்த வாயுள்ள இன்டேக் குழாய் நம் கற்பனையில் வேகத்தின் அடையாளமாக ஆனதற்குப் பந்தயங்களே காரணம். தமிழகத்தில் அதன் வரலாறு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. சாலையில் ஓடிய ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடருமே பந்தயத்துக்கும் கிடைத்தவை. கையில் உள்ளதை வைத்தே வலுவைக் கூட்ட வேண்டிய நிலையில், மெக்கானிக்குகள் காற்றின் பாதையைக் கையால் செதுக்கினார்கள். எஞ்சின் தலையிலுள்ள துவாரங்களைத் தேய்த்து அகலமாக்கினார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினார்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டு எக்காள வடிவக் குழாய்களைத் திறந்தபடி விட்டார்கள்.

கோயம்புத்தூரின் கரிவரதன் இந்த மரபை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றார். 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயத்துக்குள் நுழைய வழி செய்தார். 1995இல் அவர் மறைந்த பின், கோவை செட்டிபாளையம் அருகே அமைந்த பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்குகிறது. சென்னைப் பந்தயங்களும் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தன.

இந்த வரலாறு பெருமைக்குரியது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடத்தைச் சற்றுச் சோதிக்க வேண்டும். சோழவரம் கடல் மட்டத்தை ஒட்டிய சமதளம். அங்கே எஞ்சின் பெரும்பாலும் முழு வேகத்தில் சுழலும். ஓட்டம் குறுகியது, பந்தயங்களுக்கு இடையே எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். வடிகட்டி இல்லாத குழாயால் வரும் தேய்மானம் அவர்கள் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. சாலையில் ஓடும் கார் 1,00,000 கிலோமீட்டரைக் கடந்தும் பிரிக்கப்படாமல் ஓட வேண்டும். சோழவரத்துக்குப் பொருந்திய குழாய் பள்ளிவாசலுக்குப் பொருந்தாது.

காற்றின் மதிப்பைப் பந்தய உலகம் எவ்வளவு துல்லியமாக அறியும் என்பதற்கு 1995 ஒரு சான்று. உலக ராலிப் பந்தயக் கார்களின் டர்போவுக்குள் காற்று நுழையும் வழி 34 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேற்படக் கூடாது என்பது அப்போதைய விதி. அவ்வாண்டு கட்டலோனிய ராலியில் டொயோட்டா அணியின் கார்களில், அந்த வளையத்தைச் சுற்றிக் கூடுதல் காற்று நுழையும்படி மறைவான அமைப்பு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அணி ஓராண்டு தடை பெற்றது. டர்போவின் வாயில் சில மில்லிமீட்டர் அத்தனை பெறும். ஆனால் அதைச் சாதாரணக் காரின் வடிகட்டிப் பெட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ராலிக் காரில் விதியே வேண்டுமென்று கழுத்தை நெரிக்கிறது. நம் காரின் பெட்டி அப்படி நெரிப்பதில்லை. வடிகட்டி சுத்தமாக இருந்தால், முழு வேகத்தில்கூட அது உண்டாக்கும் அழுத்த இழப்பு வளிமண்டல அழுத்தத்தில் சில சதவீதமே. எத்தனை விலையுயர்ந்த வடிகட்டியானாலும் அந்தச் சில சதவீதத்துக்குள்தான் மீட்டுத் தர முடியும்.

*5. ஜீப்பும் எண்ணெய்த் தொட்டியும்*

மலையில் காற்றைப் பற்றி நன்கு அறிந்த வண்டி பந்தயக் கார் அல்ல, ஜீப். போருக்குப் பின் 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அவை மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களெங்கும் பரவின. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு இன்றும் ஜீப்பில்தான் போக வேண்டும். தேனி மாவட்டத்தில், 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அத்தேயிலைத் தோட்டத்துக்கு வண்டிப்பாதை கேரளத்தின் பக்கமிருந்துதான் உண்டு. அதுவும் கல்லும் புழுதியுமான பாதை.

பழைய ஜீப்பிலும் அம்பாசடரிலும் இருந்த ஏர் கிளீனர் ஓர் எண்ணெய்த் தொட்டி. உள்ளே வரும் காற்று எண்ணெயின் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்து சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். காற்று திரும்பிவிடும், கனமான புழுதித் துகள் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். மிஞ்சியதை மேலே உள்ள கம்பிவலை பிடித்துக்கொள்ளும். பழுப்பேறிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் நிரப்புவது ஓட்டுநரின் வழக்கமான வேலைகளில் ஒன்று. பின்னர் மடிப்புக் காகித வடிகட்டிகள் வந்தன. எண்ணெய்த் தொட்டி தப்பவிட்ட நுண்துகளையும் அவை பிடித்தன.

வடிகட்டி என்பது காற்றைத் தடுக்கும் பொருள் என்று வேகப்பிரியர் நினைக்கிறார். ஜீப் ஓட்டுநரின் நினைப்பு வேறு: அது எஞ்சினைக் காக்கும் பொருள். சாலைப் புழுதியின் பெரும்பகுதி சிலிக்கா. எஃகையும் அது கீறும். உருளைச் சுவருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையே அது புகுந்தால், முதலில் எண்ணெய் குறையும், பிறகு புகை வரும், கடைசியில் வலு போகும். வலுவுக்காகச் செய்த மாற்றம் வலுவையே தின்றுவிடும்.

கார்புரேட்டர் காலத்தில் மலையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உயரத்தில் காற்று குறைந்தாலும் கார்புரேட்டர் பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்காது. கலவை கெட்டிப்பட்டு, கரும்புகை கக்கி, பிளக் கரியேறும். சிறிய ஜெட் மாற்றுவதே அதற்கு மருந்து. 2000ஆம் ஆண்டையொட்டி மாசு விதிகள் இறுகி, கார்கள் எரிபொருள் தெளிப்பு முறைக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக்கும் மாறியபோது அந்தத் தொல்லை நீங்கியது. இன்று உணரிகள் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, பெட்ரோலைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. இன்டேக்கை மாற்றுபவர் இந்த அளவைக் கருவிகள் நம்பியிருக்கும் பாதையையும் சேர்த்தே மாற்றுகிறார்.

*6. கூம்பு வடிகட்டி எப்படி வந்தது, எங்கே தவறுகிறது*

1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார்சைக்கிள் தொழிலில் இருந்த இருவர் உருவாக்கிய கே அண்ட் என் நிறுவனம், எண்ணெய் தோய்த்த பருத்தித் துணி வடிகட்டியைப் பரப்பியது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். காற்றுக்குத் தடையும் குறைவு. பாலைவனப் பந்தயங்களில் பெயர் பெற்ற இந்த வகை, பிறகு உலகெங்கும் பல நிறுவனங்களின் பொருளாயிற்று. இன்று நம் கடைகளில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொழிற்சாலைப் பெட்டிக்குள்ளேயே வைக்கும் மாற்று வடிகட்டி. இரண்டாவது, பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சின் அறைக்குள் திறந்த நிலையில் நிற்கும் கூம்பு. மூன்றாவது, நீண்ட குழாய் வழியாக முன்பம்பருக்குப் பின்னாலோ சக்கரத்துக்கு அருகிலோ கீழே இறங்கி, வெளிக்காற்றை எடுக்கும் ‘கோல்ட் ஏர்’ வகை.

இரண்டாவது வகையே அதிகம் விற்கிறது, ஏனென்றால் அதன் மாற்றம் காதுக்குக் கேட்கிறது. தொழிற்சாலைப் பெட்டியின் பக்கத்தில் தொங்கும் வெற்று அறைகள் ஒலியை அடக்குவதற்காக வைத்தவை. அவை போனதும் எஞ்சினின் உறுமல் வெளிவருகிறது. காது அதை வலு என்று நம்புகிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். மூணாற்றில் வெளிக்காற்று 20 டிகிரி என்று கொள்வோம். மெதுவாக ஏறும் காரின் எஞ்சின் அறை 60 டிகிரியை எளிதில் தொடும். 20 டிகிரிக் காற்றைவிட 60 டிகிரிக் காற்று 12 சதவீதம் மெலிந்தது. மலை ஏற்கெனவே 15 சதவீதத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. திறந்த கூம்பு அதன் மேல் இன்னும் 12 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளக்கூடும். அதாவது மூணாற்றில் நின்றுகொண்டே இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியதற்குச் சமம். சமவெளி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது எஞ்சின் அறைக்குள் காற்று பாய்வதால் இந்த இழப்பு குறையும். கொண்டை ஊசி வளைவுகளில், பேருந்துக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது குறையாது.

குழாயின் நீளத்துக்கும் பங்கு உண்டு. வால்வு மூடித் திறக்கும்போதெல்லாம் குழாய்க்குள் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. சரியான நேரத்தில் திரும்பி வரும் அலை, கூடுதலாகக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும். குறுகிய பாதை உயர் சுழற்சிக்கும், நீண்ட பாதை நடுத்தரச் சுழற்சிக்கும் உதவும். 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் 300 எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்களை வைத்தது இதற்காகவே. விளம்பரங்கள் காட்டும் கூடுதல் குதிரைத் திறன் பெரும்பாலும் 6,000 சுழற்சியை ஒட்டிக் கிடைப்பது. மலைச்சாலையில் எஞ்சின் வாழ்வது 2,000 முதல் 4,000 வரை.

*7. பள்ளிவாசலே சொல்லும் விடை*

இந்த ஊரின் பெயர் பொறியியல் வரலாற்றில் இடம்பெற்றதும் ஓர் இன்டேக்கால்தான். 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். அப்போது இது திருவிதாங்கூர். முதிரப்புழை ஆற்றின் நீரை மேலே மறித்து, மலையைக் குடைந்து கொண்டுவந்து, ஏறத்தாழ 600 மீட்டர் சரிவில் இரும்புக் குழாய்களில் இறக்கி, விசையுருளைகளைச் சுழற்றுகிறார்கள். அதன் திறன் 37.5 மெகாவாட்.

அங்கே வலு எங்கிருந்து வருகிறது என்பதில் யாருக்கும் மயக்கமில்லை. விசையுருளை நீரை இழுப்பதில்லை, உயரம் தள்ளுகிறது. குப்பையைத் தடுக்கும் கம்பி அழி வேண்டும், இல்லையென்றால் உருளை சிதையும். குழாய் தேவையான அளவு அகலமாக இருந்தால் போதும். அதற்கு மேல் அகலமாக்கினால் இரும்புதான் செலவு. ஆற்றில் நீர் குறைந்த கோடையில் குழாயை மாற்றி மின்சாரத்தைக் கூட்ட எந்தப் பொறியாளரும் முயல மாட்டார். கார் இன்டேக்குக்கும் இதே மூன்று விதிகள்தாம்: தள்ளுபவரின் வலுவை அறி, அழியைக் கழற்றாதே, குழாயை வேண்டிய அளவுக்கு மேல் பெருக்காதே. நீர் கண்ணுக்குத் தெரிவதால் அங்கே தெளிவு இருக்கிறது. காற்று தெரியாததால் இங்கே சொல் நம்மை ஏமாற்றுகிறது.

*8. மழையும் சட்டமும்*

‘கோல்ட் ஏர்’ வகை வெப்பச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அதன் வாய் தரைக்கு அருகில் இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் இது சிறிய விஷயம் அல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். சாதாரண மழைக்காலத்திலும் சாலையின் குறுக்கே நீர் ஓடும். காற்றோடு நீர் உருளைக்குள் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. இணைப்புத் தண்டு வளைந்து எஞ்சினே போகும். தொழிற்சாலைகள் காற்று வாயை உயரத்தில், முகப்பு விளக்கின் பின்னால் வைப்பது அழகுக்காக அல்ல. காடுகளில் ஓடும் ஜீப்புகளில் கூரை வரை உயரும் காற்றுக்குழாய் வைக்கும் காரணமும் இதுவே.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் இந்த விலக்கை உறுதிப்படுத்தியது. வடிகட்டியை வடிகட்டியால் மாற்றுவது பராமரிப்பு. பெட்டியையும் குழாயையும் நீக்கி, ஒலியையும் புகையையும் மாற்றுவது, சாலையில் நிற்கும் அதிகாரியின் கேள்விக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கேள்விக்கும் வழிவிடும்.

*9. அப்படியானால் எதைத் தேர்வது?*

முதலில் இருப்பதைப் பாருங்கள். அடைபட்ட காகித வடிகட்டியை மாற்றுவதே மிகக் குறைந்த செலவிலான, மிக உறுதியான ‘அப்கிரேட்’. பெட்டிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் விரிசல் உண்டா, பெட்டியின் பூட்டுகள் இறுகியுள்ளனவா என்று சோதியுங்கள். வடிகட்டாத காற்று அவ்வழியேதான் நுழையும்.

டர்போ இல்லாத காராக இருந்து மாற்றம் வேண்டுமென்றால், தொழிற்சாலைப் பெட்டிக்குள் அடங்கும் நல்ல வடிகட்டி போதும். குளிர்ந்த காற்றின் பாதை அதில் கெடுவதில்லை. வாங்கும்போது எத்தனை குதிரைத் திறன் கூடும் என்று கேட்காதீர்கள். ஐஎஸ்ஓ 5011 சோதனையில் அது எத்தனை சதவீதப் புழுதியைப் பிடித்தது என்று கேளுங்கள். விற்பவரிடம் விடை இல்லையென்றால் அதுவே விடை. எண்ணெய் தோய்த்த வகையானால், கழுவிய பின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எண்ணெய் இடக் கூடாது. காற்றின் நிறையை அளக்கும் உணரி உள்ள வண்டிகளில் மிகை எண்ணெய் அதில் படிந்து அளவைக் கெடுக்கும்.

டர்போ காரில் கணினிக் கட்டுப்பாட்டின் கணக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து மாறினால்தான் இன்டேக் மாற்றத்துக்குப் பொருள் உண்டு. தனியே குழாயை மட்டும் மாற்றுவது, கோடையில் பள்ளிவாசல் குழாயை அகலப்படுத்துவது போன்றது. மழைநாட்டில் ஓட்டுபவர்கள், எந்த வகையானாலும் காற்று வாயின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து தெரிந்துகொள்ளுங்கள். உறுமல் மட்டும் வேண்டும் என்பவர்கள் அதை உறுமல் என்றே சொல்லி வாங்கட்டும். ஒலிக்கு ஆசைப்படுவது குற்றமல்ல. அதை வலு என்று எண்ணி வாங்குவதில்தான் இழப்பு.

‘இழுவை’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சூரியன் ‘உதிக்கிறது’ என்று இன்றும் சொல்கிறோம். அதை வைத்து யாரும் வானியல் செய்வதில்லை. அதுபோல வண்டி ‘இழுக்கட்டும்’. ஆனால் பணப்பையைத் திறக்கும் நேரத்தில், பாதரசக் குழாயோடு மலையேறிய பெரியேயை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் எஞ்சினின் மூச்சைக் குறிக்க வழங்கும் சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். போடி, மூணாறு, வால்பாறை, நீலகிரிப் பகுதி நண்பர்களின் சொற்களை அறிய ஆவலாக இருக்கிறேன்.